பின்முற்றத்துக்கு ஒரு கல்

பல் டாக்டர் நீட்டிய கைபேசிப் படத்தில் தரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. மேலே தொங்கிய விளக்குக் கொத்து அதில் தலைகீழாகத் தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த அக்காவுக்கு அப்போதே லேசாகத் தலை வலிக்கத் தொடங்கிவிட்டது.

"சார், இது ஹோட்டலோட உள்பக்கம். மேல கூரை இருக்கு."

"தெரியும்மா. இந்த லுக்தான் எனக்கு வீட்டுக்குப் பின்னாடி வேணும்."

"உங்களுக்குப் பின்னாடி வானம்தான் சார் இருக்கு."

டாக்டர் சிரிக்கவில்லை. அக்காவின் தோளுக்கு மேலாக அவளுடைய தம்பியைப் பார்த்தார். தம்பி உடனே, "பண்ணிடலாம் சார்" என்றான்.

தோட்டம் அமைத்துக் கொடுக்கும் தொழிலில் அவர்கள் இருவரும் கூட்டாளிகள். முறையாகப் படித்தவள் அக்கா. எந்தச் செடி எந்த வெயிலுக்குத் தாங்கும், எந்த மண்ணில் தண்ணீர் நிற்கும், எந்தக் கல் எத்தனை மழைக்குப் பிறகு பல்லிளிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. தம்பி, தான் வைத்திருந்த செல்போன் கடையை மூடிவிட்டு இங்கே வந்து சேர்ந்தவன். ஆட்களைப் பிடித்து வருவது, பேசுவது, சிரிப்பது, சமாளிப்பது எல்லாம் அவன் பொறுப்பு. இவர்கள் இருவருக்கும் வேலையாட்கள் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அக்காவுக்கு, தரை மட்டம் பார்க்கும் கருவியின் பெயர்: ரசமட்டம். ஒரு நூல் சாய்ந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டாளாம். தம்பிக்கு அவன் வாயில் எந்நேரமும் இருக்கும் சொல்லே பெயராகிவிட்டது: பண்ணிடலாம்.

டாக்டர் வீட்டுப் பின்முற்றம் பெரியதுமல்ல, சிறியதுமல்ல. சமையலறைக் கதவைத் திறந்தால் ஒரே ஒரு படி. அதற்குக் கீழே வெறும் மண்ணும், உடைந்த சிமென்ட் திட்டும். ஒரு மூலையில் தண்ணீர்க் குழாய். மதில் ஓரமாக நெடுகத் துணிக்கொடி. அந்த இடத்தில் நான்கு பேர் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கல் பாவி, சுற்றிலும் செடி வைத்து, ஒரு மேசையும் போட வேண்டும். இதுதான் வேலை.

அக்கா வேனிலிருந்து மாதிரிக் கற்களை இறக்கி வரிசையாக வைத்தாள். சுட்ட செங்கல், சிமென்ட் கல், வெளிர் நிற மணற்கல், மேல்தோலை நெருப்பில் காட்டிச் சொரசொரப்பாக்கிய கறுப்பு கிரானைட். கடைசியாக டாக்டர் கேட்ட பளபள டைலிலும் ஒரு துண்டு. குழாயைத் திறந்து எல்லாவற்றின் மேலும் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினாள்.

"சார், செருப்பைக் கழட்டிட்டு ஒவ்வொண்ணு மேலயும் ஏறி நில்லுங்க. உங்க காலே சொல்லிடும்."

டாக்டர் குனிந்து தன் ஷூவைப் பார்த்தார். சரியாக அந்த நேரம் கைபேசி அடித்தது. யாருக்கோ கடைவாய்ப் பல்லில் வலி. பேசிக்கொண்டே முன்வாசல் பக்கம் போய்விட்டார்.

சமையலறைக் கதவில் சாய்ந்தபடி அவர் மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "இதுல எது..." என்று ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் டாக்டர் திரும்பி வந்து, "அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார். டீச்சர் உள்ளே போய்விட்டார். அவர் என்ன கேட்க வந்தார் என்று அக்காவும் கேட்கவில்லை. டாக்டரை எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்பதிலேயே அவள் புத்தி முழுக்க நின்றது.

"டைல் ஈரத்துல வழுக்கும் சார். உள்ள போடறது வேற, வெளிய போடறது வேற."

"நாங்க என்ன ஈரத்துல டான்ஸா ஆடப் போறோம்?" என்ற டாக்டர், அவள் முகத்தையே உற்றுப் பார்த்தார். "உங்களுக்கு ராத்திரியில பல்லைக் கடிக்கிற பழக்கம் இருக்கா? தாடை இறுகிப் போயிருக்கே."

"பகல்ல மட்டும்தான் சார்" என்றாள் அக்கா.

வேனில் ஏறியதும் தம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னத்தைப் பண்ணிடலாம்? நான் அங்க தொண்டை கிழியக் கத்திட்டிருக்கேன், நீ பாட்டுக்குத் தலையாட்டறே."

"அக்கா, மூஞ்சில அடிச்ச மாதிரி பேசினா எவன் வேலை குடுப்பான்? போன தடவை அந்த வக்கீலம்மாகிட்ட என்ன சொன்னே? 'உங்க ரசனைக்குச் செடி எதுக்கு, பிளாஸ்டிக்கே போதும்'னு சொன்னே. அந்தம்மா இப்ப எங்க?"

வக்கீலம்மா இப்போது வேறு ஆளை வைத்துத் தோட்டம் போடுகிறார்.

"என்கிட்ட விடு. பேசிப் பேசியே டாக்டரை நீ சொல்ற கறுப்புக் கல்லுக்குக் கொண்டுவந்துடறேன்" என்றான் தம்பி. ரோட்டைப் பார்த்தபடி அவள், "சரி, பேசு" என்றாள்.

அந்த வாரமே அவளுக்கு வேறொரு தலைவலி வந்தது. ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் அவர்கள் போட்டிருந்த மொட்டைமாடித் தோட்டத்திலிருந்து கீழ்வீட்டு வரவேற்பறையில் தண்ணீர் சொட்டியது. மண்ணை முழுக்க வாரி, எங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து, மறுபடி பூச்சு பூசி முடிக்கும்வரை அவளால் அந்த இடத்தை விட்டு அசைய முடியவில்லை. டாக்டர் வீட்டு வேலையைத் தம்பியும் கொத்தனாரும் பார்த்துக்கொண்டார்கள். தம்பி தினமும் படம் அனுப்பினான். புது மண் போட்ட பாத்தி, நட்ட செடி, செடியின் இலை, இலையின் மேல் பனித்துளி. எந்தப் படத்திலும் தரை இல்லை. அக்கா அதைக் கவனிக்காமல் இல்லை. "கல்லு என்னாச்சு?" என்று கேட்டதற்கு, "சூப்பரா வருதுக்கா" என்று பதில் வந்தது. நேரில் போய்ப் பார்த்துவிட நினைத்தாள். ஆனால் மாடியில் தலைக்கு மேல் வேலை கிடந்தது.

அதை முடித்துவிட்டு நேராக டாக்டர் வீட்டுக்குப் போனாள். பக்கவாட்டுச் சந்து வழியாகப் பின்பக்கம் திரும்பியதும் கால் தானாக நின்றது. ஹோட்டல் படத்தில் இருந்த அதே டைல். கருஞ்சாம்பல் நிறம், கண்ணாடிப் பளபளப்பு. மேகம் அதில் நகர்ந்து போனது தெரிந்தது.

கொத்தனார் ஓரத்தில் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ஏற்கெனவே சுத்தமாக இருந்த கரண்டியை இன்னும் வேகமாகத் தேய்த்தார்.

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"தம்பிதான்மா சொல்லுச்சு. நீங்களும் ஒத்துக்கிட்டீங்கன்னு சொல்லுச்சு."

அக்கா மட்டம் பார்க்கும் கருவியைத் தரையில் வைத்தாள். தண்ணீர் ஓடிப் போய்ப் பாத்தியில் விழுவதற்காக அவள் குறித்துக் கொடுத்திருந்த வாட்டமும் இல்லை. தரை தட்டையாகக் கிடந்தது.

"வாட்டம் குடுத்தா மேசை சாயும்னு டாக்டர் வேண்டாம்னுட்டாரு" என்றார் கொத்தனார், கரண்டியிடம் சொல்வது போல.

டாக்டர் வெளியே வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. "பாத்தீங்களா! உங்க தம்பி நல்ல வேலைக்காரர். சொன்னதை அப்படியே செஞ்சுட்டார்."

"சார், மழை பெஞ்சா தண்ணி இதுல நிக்கும். நின்னா வழுக்கும். இதைப் பேத்துட்டு வேற கல் போட்டுத் தர்றோம். பேக்கிறதும் போடறதும் எங்க பொறுப்பு."

"பேக்கறதா? போட்டு முடிச்சு சிமென்ட் காயல, பேக்கறதாமே! மழை பெஞ்சா உள்ள உக்காந்துக்கறோம்மா. விடுங்க."

தம்பி டாக்டருக்குப் பின்னால் நின்று, தயவுசெய்து வாயை மூடு என்று கண்ணாலேயே கெஞ்சினான். அக்காவுக்கு அவனை அங்கேயே நாலு அறை விட வேண்டும் போல இருந்தது. ஊரார் முன்னால் அவனை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். நின்றதற்காகப் பிறகு தன்னையே பலமுறை திட்டிக்கொண்டாள்.

கிளம்பும்போது சமையலறைப் படியில் டீச்சரைப் பார்த்தாள். "டீச்சர், தரை ஈரமா இருந்தா இந்தப் பக்கம் வராதீங்க."

டீச்சர் கொடியில் வரிசையாகத் தொங்கிய துணிகளைக் காட்டினார். "மழை வந்தாத்தானேம்மா நான் ஓடி வரணும்?"

அக்காவுக்குச் சுரீரென்றது. இத்தனை நாள் கல்லைப் பற்றிப் பேசியிருக்கிறாள், மேசையைப் பற்றிப் பேசியிருக்கிறாள். இந்த இடத்தில் தினமும் நடக்கப் போகிறவர் யார் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. "பாத்து வாங்க" என்று மட்டும் சொல்ல முடிந்தது. சொன்ன வார்த்தை அவளுக்கே அபத்தமாக இருந்தது.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் தம்பியும் அவளும் வேனுக்குள் போட்ட சண்டை சிக்னலில் பக்கத்தில் பைக்கில் நின்றவர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் போனது. "நான் ஒத்துக்கிட்டேன்னு பொய் சொன்னியாமே!" என்றாள் அவள். "நீ ஒத்துக்கவே மாட்டே, அதான் சொன்னேன்!" என்றான் அவன்.

முதல் மழை ஒரு காலை வேளையில் பெய்தது. அக்கா நாற்றுப் பண்ணையில் தகரக் கூரைக்குக் கீழே நின்று செடி பொறுக்கிக்கொண்டிருந்தாள். மழைச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டுதான் டாக்டரின் அழைப்பைக் கேட்க முடிந்தது.

"என் ஒய்ஃப் விழுந்துட்டா! மணிக்கட்டு முறிஞ்சிருச்சு! ஆஸ்பத்திரியில இருக்கோம்!"

"ஐயோ... தலையில ஒண்ணும் அடிபடலையே சார்?"

"அதெல்லாம் இல்ல. நான் கேக்கறேன், நீங்கதானே இதைப் படிச்சவங்க? இது வழுக்கும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டாமா?"

அக்கா கைபேசியைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தாள். அதற்குள்ளிருந்து டாக்டர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். சொன்னேனே, வாளி வாளியாய்த் தண்ணீர் ஊற்றிச் சொன்னேனே என்று தொண்டைவரை வந்தது. கூரையில் மழை அடித்துப் பெய்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும் மனிதரிடம் அதைச் சொல்லி என்ன ஆகப் போகிறது? "வர்றேன் சார்" என்று வைத்துவிட்டாள். வைத்த பிறகு, கையிலிருந்த பூந்தொட்டியை ஓங்கித் தரையில் போட்டாள். பண்ணைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பினார். "எடுத்துக்கறேன், எடுத்துக்கறேன்" என்று சிதறிய மண்ணை அவளே குனிந்து அள்ளினாள்.

தம்பியிடம் சொன்னபோது அவன் முகம் வெளிறிவிட்டது. அவன் திருப்பிப் பேசுவான், தானும் நன்றாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று அவள் மனதில் எடுத்து வைத்திருந்ததெல்லாம் வீணாய்ப் போயிற்று. அவன் சுவரோரம் குந்தி உட்கார்ந்துகொண்டான்.

"நான்தான்க்கா பண்ணிட்டேன்."

"ஆமா, நீதான்."

"அவர் வேற ஆளைப் பாத்துப் போயிடுவாரோன்னு பயம். நீ பேசற பேச்சுக்கு ஒவ்வொருத்தரா போயிட்டிருக்காங்க. இவரையாவது பிடிச்சு வைக்கலாம்னு நினைச்சேன்."

அவன் சொன்னதில் உண்மை இருந்தது. அதுதான் அவளை இன்னும் எரிச்சலூட்டியது. முழுக்கத் தப்புச் செய்தவனாக இருந்திருந்தால் அவளால் நிம்மதியாகக் கோபப்பட்டிருக்க முடியும்.

"டாக்டர்கிட்ட நீயே போய்ச் சொல்லு. அக்கா வேண்டாம்னா, நான்தான் போட்டேன்னு சொல்லு. அப்புறம் அந்தத் தரையை நீயே பேத்து எடு."

அக்கா பக்கத்தில் நிற்க, அவன் டாக்டரிடம் சொன்னான். டாக்டர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். ஏதோ நினைவுக்கு வந்தது போல அக்காவை ஒரு பார்வை பார்த்தார். மன்னிப்பு மாதிரி ஒன்று வாய்வரை வந்து, பிறகு வேறு எதுவாகவோ மாறி, "டீ சாப்பிடறீங்களா?" என்று வெளியே விழுந்தது.

டீச்சர் வலதுகையில் மாவுக்கட்டோடு சமையலறைப் படியில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் இடதுகையால் கரும்பலகையில் எழுதுகிறாராம். பிள்ளைகள் எட்டையும் மூன்றையும் பிரித்துப் பார்க்க முடியாமல் தவிக்கிறார்களாம். அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டீச்சர், அன்னிக்கு ஏதோ கேக்க வந்தீங்க. நானும் கேட்டுக்கலை. என்ன கேக்க வந்தீங்க?"

"இதுல எது மேல ஓடலாம்னு கேக்க வந்தேன்" என்றார் டீச்சர். "இப்பக் கேக்கறேன். அந்தக் கல்லெல்லாம் எங்க? கொண்டாங்க."

மாதிரிக் கற்கள் மறுபடி இறங்கின. அக்கா தண்ணீர் ஊற்ற, டீச்சர் வெறுங்காலோடு ஒவ்வொன்றிலும் ஏறி நின்றார். தம்பி கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டான். இனி வேலை சுலபம் என்று அக்கா நினைத்தது தப்பாகப் போயிற்று. டீச்சர் ஒவ்வொரு கல்லையும் விடைத்தாள் மாதிரி திருத்தினார். செங்கல் இந்த நிழலில் பாசி பிடிக்குமா? பிடிக்கும் என்று அக்கா ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. வேண்டாம். சிமென்ட் கல் பெட்ரோல் பங்கில் நிற்கிற மாதிரி இருக்கிறது. வேண்டாம். மணற்கல்லில் எண்ணெய் சிந்தினால் போகுமா? லேசில் போகாது. வேண்டாம். கறுப்பு கிரானைட்டை உச்சிவெயில் ஏறும்வரை முற்றத்தில் போட்டு வைத்து, பிறகு வந்து காலை வைத்தார். சுரீரென்று இழுத்துக்கொண்டார்.

"இதுல துணி காயப்போட வந்தா நானும் சேந்து காய்ஞ்சுடுவேன்."

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சொன்னதைக் கேட்காத டாக்டரிடம் பட்ட பாடு ஒரு விதம் என்றால், சொல்லுவதையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்கிற டீச்சரிடம் படுகிற பாடு வேறு விதமாக இருந்தது. கடைசியில் டீச்சரை வேனில் ஏற்றிக்கொண்டு கல் கிடங்குக்கே போனார்கள்.

கிடங்கில் கற்கள் புத்தகம் அடுக்கியது போலச் சாய்த்து அடுக்கப்பட்டிருந்தன. கல் அறுக்கும் இயந்திரம் காதைத் துளைத்தது. வெள்ளைத் தூசியில் எல்லோர் புருவமும் நரைத்திருந்தது. கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு டீச்சர் வரிசை வரிசையாக நடந்தார். தொட்டார், தடவினார், தண்ணீர் கேட்டு ஊற்றச் சொன்னார், செருப்பைக் கழற்றி ஏறி நின்றார். எங்கோ ஒரு மூலையில் நின்று, "இது!" என்று கூப்பிட்டார்.

போய்ப் பார்த்த அக்காவுக்குக் கண் கூசியது. சொரசொரப்பான கல்தான். கெட்டியான கல்தான். ஆனால் ரோஸ் நிறம். பல் தேய்க்கும் பற்பொடி நிறம். எந்தச் செடியோடும் சேராத, எந்தச் சுவரோடும் ஒட்டாத ரோஸ்.

தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் வாயைத் திறக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அக்கா வாயைத் திறந்தாள். பிறகு குனிந்து கல்லின் மேல் தண்ணீர் ஊற்றி விரலால் அழுத்தித் தேய்த்தாள். வழுக்கவில்லை. வெயிலில் கிடந்த துண்டைத் தொட்டாள். வெதுவெதுப்பு மட்டும்தான். கிடங்குக்காரரிடம் கொஞ்சம் எண்ணெய் வாங்கிச் சிந்திவிட்டுத் துடைத்தாள். அடையாளம் நிற்கவில்லை. குறை சொல்ல ஒரு காரணமாவது கிடைக்காதா என்று தேடித் தேடிப் பார்த்தாள்.

"என்னம்மா, நல்லா இல்லையா?" என்று கேட்டார் டீச்சர்.

"கல்லு ரொம்ப நல்ல கல்லு டீச்சர். கலர்தான்..."

"கலருக்கு என்ன?"

"எனக்குப் பிடிக்கலை. ஆனா நடக்கப் போறது நீங்க."

"ஆமா, நான்தான்" என்றார் டீச்சர். அதோடு பேச்சு முடிந்தது.

பளபள டைலைத் தம்பிதான் பெயர்த்தான். கொத்தனார் உதவிக்கு வந்தபோது, "வேண்டாம்ணே, நான் பாத்துக்கறேன்" என்றுவிட்டான். சம்மட்டி விழுந்த ஒவ்வொரு தடவையும் டாக்டர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, நல்ல பல்லைப் பிடுங்கிப் போடுவதைப் பார்ப்பவர் போல முகத்தைச் சுளித்தார். அடியில் ஜல்லி போட்டு இறுக்கி, இந்த முறை வாட்டம் கொடுத்து, ரோஸ் கல் பாவினார்கள். வாளித் தண்ணீரை ஊற்றியதும் அது தயங்காமல் ஓடிப் பாத்தியில் இறங்கியது. மேசை ஒரு பக்கம் துளி சாய்ந்தது. டாக்டர் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்துவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்றார். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவளுக்கு இப்போது வேறு கவலை. பாத்தியில் தம்பி நட்டிருந்த சிவப்புப் பூச்செடிகள் ரோஸ் கல்லுக்குப் பக்கத்தில் நின்று கண்ணைக் குத்தின. எல்லாவற்றையும் பிடுங்கி வேறு இடத்துக்கு அனுப்பினாள். சாம்பல் பச்சை இலைச் செடிகளும் வெள்ளைப் பூச்செடிகளும் வரவழைத்தாள். அவை வளர்ந்து கல்லின் ஓரத்தில் வழிந்தால் அந்த நிறம் கொஞ்சம் அடங்கும். முழுக்க அடங்காது என்று அவளுக்குத் தெரியும். எத்தனை செடி வைத்தாலும் ரோஸ் ரோஸ்தான்.

வெயில் தாழ்ந்த நேரம் தம்பி கடப்பாரையால் குழி தோண்டினான். கையில் சம்மட்டி போட்ட கொப்புளங்கள். அக்கா பின்னாலேயே செடியைப் பையிலிருந்து எடுத்து வேரை உதறிக்கொண்டு வந்தாள். வேலைக்குத் தேவையான வார்த்தைகளைத் தவிர இருவரும் சில வாரமாக ஒன்றும் பேசியிருக்கவில்லை.

"அக்கா."

"ம்."

"இன்னும் கோவமா?"

"ஆமா."

"எவ்வளவு நாளைக்கு?"

அக்கா அவன் தோண்டிய குழிக்குள் கையை விட்டுப் பார்த்தாள். முழங்கைகூட மறையவில்லை.

"தெரியாது" என்றாள். "இன்னும் ஆழமாத் தோண்டு."